ஒட்டு வலிமை ஒன்பது

நர்மதாவின் டயர் முதன்முதலாக உரிந்தபோது அவளைத் தவிர யாரும் சந்தோஷப்படவில்லை.

கணினியில்தான் உரிந்தது. தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பர் பட்டையை ஒட்டி, வேகவைத்து, மறுபடி சாலைக்கு அனுப்புவதை ரீட்ரேடிங் என்பார்கள். ஓட்டுநர்கள் ரீபட்டன் என்பார்கள். அப்படி ஒட்டிய இரண்டு அடுக்குகளுக்கு நடுவில், கணினிக்குள், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பிடிகளை நர்மதா வரிசையாக வைத்திருந்தாள். எவ்வளவு இழுத்தால் ஒரு பிடி தளரும், எவ்வளவு விலகினால் கையை விட்டுவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிவைத்திருந்தாள். சக்கரத்தைப் பாரத்தோடு சுற்றவிட்டால் ஓரத்தில் ஒரு பிடி விட்டுவிடும். அதன் சுமை பக்கத்துப் பிடியின் தலையில் விழும். அதுவும் விட்டுவிடும். ஒருவர் லீவு போட்டால் மற்றவரும் லீவு போட வேண்டிவருகிற அலுவலகம் போலத்தான்.

திரையில் நன்றாக இருக்கும் இடம் பச்சை, தளர்ந்த இடம் மஞ்சள், விட்ட இடம் சிவப்பு. அன்று காலை டயரின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, கோடாகி, நாக்குப்போல நீண்டு, பட்டை மெல்ல எழுந்தது. ஆறு வருடங்களாக அவள் காத்திருந்தது அதற்குத்தான். அவளுடைய முனைவர் பட்டம் முழுவதும் அந்தச் சிவப்பு நாக்கில் இருந்தது.

வழிகாட்டி உஷாராணி மேடம் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரொம்ப அழகா உரியுதும்மா."

"ஆமாங்க மேடம்."

"ஆனா இதை இங்க காட்ட முடியாதே."

இங்கே என்பது, திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, கோழிப்பண்ணைகளுக்குப் பின்னால், முந்நூறு ஏக்கர் மேட்டாங்காட்டில் நிற்கும் தங்கமுத்து நல்லம்மாள் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு மையம் உண்டு. குடிநீர் வடிகட்டி இருக்கும் இடத்துக்குக்கூட நீர்மேலாண்மை மையம் என்று பெயர். நர்மதா இருந்த அறை, அடுக்குப் பிரிவுக் கணிப்பு உன்னத மையம். அதில் ஒரு கணினியும் ஒரு மின்விசிறியும் அவளும் இருந்தார்கள். மையத்தைத் திறந்துவைத்த நாளில் தாளாளர் செங்கோடன் குத்துவிளக்கு ஏற்றி, விசைப்பலகைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுத் தொடங்கிவைத்தார். சந்தனம் இறங்கிய இரண்டு விசைகள் இன்னமும் அழுத்தினால் எழுந்துவருவதில்லை.

மையம் பிறந்த கதை எளியது. நிறுவனத்துக்குப் பேருந்துகள் இருந்தன. பேருந்துகளுக்கு டயர்கள் வேண்டும். தாளாளரின் மச்சானுக்கு ரீட்ரேடிங் பட்டறை இருந்தது. அந்த டயர்கள் பாதுகாப்பானவையா என்று பெற்றோர் ஒருவர் ஆண்டுவிழாவில் எழுந்து கேட்டுவிட்டார். புது டயர் வாங்கலாம் என்று யாரும் சொல்லிவிடுவதற்கு முன்னால், தாளாளர் மைக்கைப் பிடித்து, அதைக் கண்டுபிடிக்க ஒரு உன்னத மையம் தொடங்கப்படும் என்று அறிவித்தார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. கேள்வி கேட்டவரும் தட்டினார்.

ஆக, நர்மதாவின் வேலை அந்த டயர் உரியாது என்று காட்டுவது. நர்மதாவின் ஆய்வோ டயர் எப்படி உரிகிறது என்பது. இந்த இரண்டும் ஒரே வேலை என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சில மாதங்கள் அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆய்வுக்காலம் இந்த வருடத்தோடு முடிகிறது. அதற்குள் ஆய்வுச் சுருக்கத்தை மதிப்பீட்டுக் குழு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பட்டம் கிடையாது. பள்ளிபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே அவள் அம்மா போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் "புள்ள டாக்டருக்குப் படிக்கறா" என்று சொல்லிவைத்திருந்தாள். அதில் சிலர் அவளிடம் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கேட்டிருந்தார்கள்.

தினமும் பள்ளிபாளையத்திலிருந்து அவள் வந்துபோவதும் நிறுவனத்தின் ஏழாம் நம்பர் பேருந்தில்தான். பின்சக்கரத்துக்கு மேலே இரண்டாவது இருக்கை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

மதிப்பீட்டுக் குழுவுக்கு டீன் முனைவர் தீனதயாளன் தலைவர். அவர் எதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். திரையை மட்டும் கண்ணைத் திறந்து பார்ப்பார்.

"இது என்னம்மா இவ்வளவு சிவப்பு?"

"ஒட்டு விட்ட எடமுங்க சார்."

"அது சரி. அட்மிஷனுக்குப் பெத்தவங்க வருவாங்க. மையத்தைச் சுத்திக் காட்டுவோம். திரை செவசெவன்னு இருந்தா என்ன நினைப்பாங்க? ஃபெயிலுன்னு நினைக்கமாட்டாங்களா?"

"ஃபெயிலுதானுங்க சார்."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் டீன், அவள் புரிந்துகொண்டதில் மகிழ்ந்து. "நம்ம நிறுவனத்துல எதுவும் ஃபெயில் ஆகறதில்லையேம்மா."

குழு விவாதித்தது. சிவப்பும் மஞ்சளும் விலக்கப்பட்டன. இனி நன்றாக இருக்கும் இடம் இளம்பச்சை, தளர்ந்த இடம் நடுத்தரப் பச்சை, முழுதாக விட்ட இடம் கரும்பச்சை என்று தீர்மானம் ஆனது. மறுவாரம் தாளாளர் வந்து பார்த்தார். டயர் ஓரம் முழுவதும் உரிந்து கரும்பச்சையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"நல்லாச் செழிப்பா இருக்குதே" என்றார். "மழை பேஞ்ச சோளக்காடாட்ட இருக்குது. இங்கதான் ஒட்டு நல்லாப் புடிச்சிருக்குதா அம்முணி?"

நர்மதா வாயைத் திறந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம். ஒரு வாக்கியத்தை முழுதாக மனதுக்குள் கட்டி, சரிபார்த்து, அப்புறம்தான் சொல்வாள். 'இல்லீங்கய்யா, அங்கதான் உரிஞ்சிருக்குதுங்க' என்று கட்டி முடித்தபோது தாளாளர் அடுத்த கட்டடத்தில் இருந்தார்.

ஆனால் பட்டை திரையில் எழுந்து நிற்பது பச்சையிலும் தெரிந்தது. யாரோ அதைத் தாளாளரிடம் சொல்லிவிட்டார்கள். அதனால் வாஸ்து நிபுணர் மணியன் வரவழைக்கப்பட்டார். நிறுவனத்தின் நுழைவாயிலை நான்கு முறை இடித்துக் கட்ட வைத்தவர் அவர். கையில் திசைகாட்டியோடு கணினித் திரையின் முன்னால் உட்கார்ந்தார்.

"விரிசல் எங்க ஆரம்பிக்குது?"

"ஓரத்துலீங்க."

"எந்த ஓரம்?"

நர்மதா சுட்டிக்காட்டினாள். மணியன் திசைகாட்டியைத் திரைமேல் வைத்தார். அதற்குள் இருந்த காந்தமுள் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அவர் உச்சுக்கொட்டினார்.

"அதான பாத்தேன். ஈசானியத்துல விரிசல் வெச்சிருக்கறீங்க. ஈசானியத்துல கக்கூசு கட்டுனவன் உருப்பட்டு நான் பாத்ததில்லீங்க. இதை அப்புடியே கன்னிமூலைக்குத் திருப்பிப்போடுங்க."

"சக்கரம் சுத்துதுங்களே" என்றாள் நர்மதா. அது அவள் அன்று உடனே சொல்லிவிட்ட ஒரே வாக்கியம். சொல்லிவிட்டுப் பயந்துபோனாள்.

மணியன் அவளைப் பரிவோடு பார்த்தார். "நிக்கறப்ப சரியா நின்னாப் போதும் சாமி."

திருப்பிப்போட்டாள். கன்னிமூலையிலும் உரிந்தது. மணியனுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தார்கள்.

அதன்பிறகுதான் அந்தச் சிறப்புக் கூட்டம் நடந்தது. தாளாளரே நடுவில் உட்கார்ந்தார், சுற்றிலும் துறைத்தலைவர்கள். திரையில் நர்மதாவின் எண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"இந்த ஒட்டு வலிமை நாலுங்கறது ஆரு வெச்சது?"

"ஆரும் வெக்கலீங்கய்யா. டயர்ல இருந்து பட்டை பட்டையா அறுத்து மெஷின்ல இழுத்துப் பாத்ததுங்க. நாலுல உட்டுருச்சுங்க."

"மெஷினு ஆரு வாங்கிக் குடுத்தது?"

"நீங்கதானுங்க."

"பட்டறை ஆருது?"

"உங்க மச்சானுதுங்க."

"நம்ம மெஷினு, நம்ம டயரு. நாலுதானா? நாமக்கல்லுல ஒரு பொட்டிக்கடையில ஒட்டுன பஞ்சருக்கே நாலு இருக்குமே. இந்தப் புள்ள கூச்சப்பட்டுக்கிட்டுக் கம்மியாப் போட்டிருக்குது. டீன் சார், நீங்க என்ன சொல்றீங்க?"

டீன் கண்ணைத் திறந்தார். "ஆறுன்னு வைக்கலாம்."

"ஆறா? நம்ம பேருக்கு ஆறு பத்துமா?"

"ஏழு" என்றது ஒரு துறை. "ஏழரை" என்றது அடுத்த துறை. உடனே சனியை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டது. "எட்டு" என்றார் உஷாராணி மேடம், சீக்கிரம் முடியட்டும் என்று.

"எட்டு சனி நம்பருங்க" என்றார் தாளாளர். "நம்ம பஸ்ஸுலயே எட்டாம் நம்பர் கெடையாது. ஏழு, அப்பறம் ஒம்போது. ஒம்போதுன்னு போடுங்க. செவ்வா நம்பரு, இரும்பாட்ட நிக்கும்."

ஒன்பது ஏகமனதாக நிறைவேறியது. அங்கேயே போட்டு ஓட்டினார்கள். திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எந்தப் பிடியும் கையை விடவில்லை. இளம்பச்சையாகவே நின்றது. அவையில் சிலருக்குக் கண்கலங்கியது.

"கண்டுபிடிப்பு" என்றார் தாளாளர் எழுந்து நின்று. "ஒரு டயரு உரியாம இருக்க என்ன வேணும்? நல்ல ரப்பர் வேணும், நல்ல பசை வேணும், நல்லா வேகணும்னு இத்தன வருசமா வெள்ளக்காரன் சொல்லிக்கிட்டு இருந்தான். அதெல்லாம் வேண்டியதில்ல, உரியாதுங்கற முடிவு இருந்தாப் போதும்னு நாம நிரூபிச்சுட்டோம்."

கைத்தட்டல். டீன் அவள் பக்கம் திரும்பினார். "ஆய்வாளருக்கு மறுப்பு ஏதும் உண்டா?"

நர்மதா வாக்கியத்தைக் கட்டத் தொடங்கினாள். அது நீளமான வாக்கியம். அளந்த எண்ணை மாற்றினால் கணிப்பு கணிப்பு அல்ல, ஆசை என்று வரவேண்டும். நடுவில் உளுந்து போண்டா வந்துவிட்டது. ஆய்வாளர் கரவொலியுடன் ஏற்றார் என்று கூட்டக்குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

"பேசாம இருந்ததே நல்லதும்மா" என்றார் உஷாராணி மேடம் படியிறங்கும்போது. "சுருக்கத்தை அடுத்த கூட்டத்துல வைக்கறேன்னு டீன் சொல்லிட்டார். பட்டம் வாங்கிட்டு எந்த நம்பர வேணும்னாலும் போட்டுக்க."

"நான் அந்த பஸ்ஸுலதானுங்க மேடம் போறேன்."

மேடம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு படி இறங்கினார். "முன்பக்கமா உக்காந்துக்க" என்றார்.

எல்லாப் பேருந்துகளின் முன்கண்ணாடியிலும் ஒரு வாசகம் ஒட்டப்பட்டது: 'இந்தப் பேருந்தின் டயர்கள் உரியாதவை எனக் கணினியால் உறுதிசெய்யப்பட்டவை.' ஏழாம் நம்பர் ஓட்டுநர் அப்புசாமி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஏறவந்த நர்மதாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்முணி, கம்ப்யூட்டருல ஓட்டிப் பாத்தீங்களாமே, டிரைவர் ஆருங்க?"

"டிரைவர் இல்லீங்கண்ணா. சக்கரம் மட்டுந்தான்."

"பள்ளம் கிள்ளம்?"

"இல்லீங்க."

"ஸ்பீடு பிரேக்கரு? குறுக்க வர்ற மொபெட்டு?"

"அதெல்லாம் இல்லீங்கண்ணா."

"வெயிலாச்சும் உண்டுங்களா?"

"ஒரே சீதோஷ்ணந்தானுங்க."

"அட, நல்ல ஊராட்ட இருக்குது. நம்மளையும் அங்கயே மாத்திப்போடச் சொல்லுங்க சாமி."

நர்மதாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது போய்விட்டது. படியிலேயே நின்று, இந்த முறை வாக்கியம் கட்டாமல், "அண்ணா, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றாள்.

அப்புசாமி அவள் முகத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து ஏழாம் நம்பர் பேருந்து மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தது. பின்னால் வந்த போர்வெல் ரிக் லாரிக்காரர்கள் ஆரன் அடித்து ஓய்ந்துபோனார்கள். மாணவர்கள் அவருக்கு மாட்டுப்பொங்கல் வாழ்த்து அனுப்பினார்கள். தாமதத்துக்காக நிறுவனம் அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் கொடுத்தது. அவர் அதைக் கண்ணாடியில் வாசகத்துக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

பங்குனி வெயிலில் ஒரு சாயங்காலம், திருச்செங்கோடு தாண்டிய இறக்கத்தில், பின்பக்கம் சட்சட்டென்று யாரோ பலகையில் அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. நர்மதாவுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. திரையில் சத்தம் வராது. ஆனாலும் தெரிந்தது. ரப்பர் பட்டை ஒருபக்கம் விட்டு, சுற்றும்போதெல்லாம் அடியில் அறைந்து, கடைசியில் பேருந்தின் தரைத்தகட்டைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. சக்கரத்துக்கு மேல் முதல் இருக்கையில் இருந்த முதலாமாண்டு கிருத்திகாவின் காலைக் கிழித்தது. அப்புசாமி மெதுவாக வந்ததால் பேருந்தை மண்ணில் இறக்கி நிறுத்த முடிந்தது. கிருத்திகாவுக்குத் தையல் போட்டார்கள். மற்றவர்கள் சாலையோரம் நின்று, முழு நீளத்துக்குப் பாம்பு போலக் கிடந்த பட்டையைப் படம் எடுத்தார்கள்.

மறுநாள் அப்புசாமி வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். உரியாது என்று நிரூபிக்கப்பட்ட டயரை உரித்தது குற்றம்.

விசாரணை குளிரூட்டப்பட்ட மன்றத்தில் நடந்தது. மேசைமேல் செய்தித்தாள் விரித்து அந்தப் பட்டையைப் போட்டிருந்தார்கள். ஒருபக்கம் அப்புசாமி நின்றார். தொழில்நுட்ப விளக்கம் தேவைப்பட்டால் தருவதற்காக நர்மதா மூலையில் உட்காரவைக்கப்பட்டிருந்தாள். அவளுடைய ஆய்வுச் சுருக்கம் டீனின் முன்னால் அடுத்த பொருளாகக் காத்திருந்தது.

"எப்படி உரிச்சீங்க?" என்றார் டீன்.

"நான் உரிக்கலீங்க. அதுவா உரிஞ்சுதுங்க."

"அதுவா உரியாதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. அப்ப யார் உரிச்சது?"

"இதென்ன வாழப்பழமுங்களா, நான் உக்காந்து உரிக்கறதுக்கு?"

"கிண்டல் வேண்டாம். கொஞ்ச நாளா நீங்க வழக்கத்துக்கு மாறா மெதுவா ஓட்டியிருக்கீங்க. விளக்கம் கேட்ட தாள் இங்க இருக்கு. டயர் உரியும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எப்படித் தெரிஞ்சுது? யார் சொன்னா?"

அப்புசாமி மேலே ஓடிக்கொண்டிருந்த குளிரூட்டியைப் பார்த்தார். நர்மதா இருந்த மூலையை அவர் பார்க்கவே இல்லை.

"ஆரும் சொல்லலீங்க. வயசாயிருச்சுங்க, கால் வேகமா மிதிக்க மாட்டேங்குது."

"அப்ப கண்ணும் தெரியாது, காதும் கேக்காது" என்றார் தாளாளர். "இவர ஊட்டுக்கு அனுப்பிச்சுருங்க. வாசகத்தப் பெருசாப் போட்டு மறுபடி ஒட்டுங்க."

அவர் பேனாவை எடுத்தார். நர்மதா எழுந்து நின்றுவிட்டிருந்தாள். தான் எழுந்தது அவளுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"நாந்தானுங்க சொன்னேன்."

உஷாராணி மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ஒம்போது நீங்க போட்டதுங்கய்யா. நாலுன்னா உரியுங்க. எப்படி உரியும்னு என்கிட்ட இருக்குதுங்க. வேணும்னா ஓட்டிக் காட்டறேனுங்க."

யாரும் வேண்டும் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லத் தோன்றவில்லை. அவள் கணினியை இணைத்தாள். நாலு என்று போட்டாள். பழைய வண்ணங்களையும் எடுத்துப்போட்டாள். பெரிய திரையில் சக்கரம் சுற்றியது. ஓரத்தில் சிவப்புப் புள்ளி வந்தது. கோடானது. ஒருபக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஊசியாகவும் பட்டை கிழிந்து எழுந்தது. மேசைமேல் கிடந்த பட்டையும் ஒருபக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஊசியாகவும் இருந்தது. கிழிசலின் வளைவுகூட ஒன்றாக இருந்தது.

நர்மதா மூலைக்குத் திரும்பி உட்கார்ந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், வெளியே போகச் சொன்னால் உடனே போவதற்கு வசதியாக.

டீன் திரையைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அவர் இரண்டு கண்களும் முழுதாகத் திறந்திருந்ததை நிறுவனம் அன்றுதான் கண்டது.

"ஐயா" என்றார் தழுதழுத்த குரலில். "பொருந்துதுங்க."

"என்ன பொருந்துது?"

"நம்ம மையத்தோட கணிப்பும் நிஜமும். அச்சு அசலாப் பொருந்துது. பெரிய பெரிய இடத்துலயே இப்படிப் பொருந்தாதுங்க. இது உலகத்தரம்."

தாளாளர் பேனாவை மூடினார். முகம் மெல்ல மாறியது. எழுந்து மேசையைச் சுற்றிவந்து பட்டையைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப நம்ம மையம் உரியும்னு சொல்லியிருக்குது. நம்ம டயரு சொன்னபடியே உரிஞ்சிருக்குது."

"ஆமாங்கய்யா."

"சொல்றது ஒண்ணு செய்யறது ஒண்ணுன்னு இருக்கற இந்தக் காலத்துல" என்று அவர் மைக் இல்லாமலேயே தொடங்கினார், "சொன்ன எடத்துல, சொன்ன மாதிரி, ஒரு நூல் பிசகாம உரியற டயரை நம்ம நிறுவனம் தயார் பண்ணியிருக்குது. என் மச்சான் பட்டறையைக் கொறை சொன்னாங்க. இவ்வளவு ஒழுக்கமா உரியற டயரு வேற எந்தப் பட்டறையில கெடைக்கும்?"

கைத்தட்டல் எழுந்தது. வாஸ்து நிபுணருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பொன்னாடையை எடுத்துவந்து, பரிசோதனையை வெற்றிகரமாக ஓட்டிமுடித்த ஓட்டுநர் என்று அப்புசாமிக்குப் போர்த்தினார்கள். அவரை மறுபடி வேலைக்கு எடுத்தாயிற்று. வெளியே அடிக்கிற வெயிலுக்குப் பொன்னாடை ஆகாது என்று அவர் உடனே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். காலில் தையல் போட்ட கிருத்திகாவுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் அனுப்ப முடிவானது.

"மத்த பஸ்ஸுலயும் அதே டயர்தானுங்களே" என்றாள் நர்மதா.

"அதேதான்" என்றார் டீன் உற்சாகமாக. "அதைத்தான் நானும் நினைச்சேன். உன் சுருக்கத்தை நான் ஒத்துக்கறேன்மா. ஒரே ஒரு குறைதான். ஒரு தடவை பொருந்தினா அதிர்ஷ்டம்னு சொல்லிடுவாங்க. குறைஞ்சது மூணு தடவையாவது பொருந்தணும். இன்னும் ரெண்டு உரிஞ்சாப் போதும், பட்டம் உன் கையில."

"சார், அதுல புள்ளைங்க போறாங்க."

"போனாத்தானேம்மா பாரம் சரியா இருக்கும்? காலிப் பஸ்ஸை வெச்சு என்ன நிரூபிக்கறது?"

"டயரை மாத்தச் சொல்லலாமுங்களே."

"டயர் மாத்தறது போக்குவரத்துத் துறை. நாம கணிப்பு மையம். அடுத்த துறை வேலையில நாம தலையிடறது மரியாதை இல்ல."

தாளாளர் வாசல்வரை போய்த் திரும்பினார். "அம்முணி, அடுத்தது எந்த பஸ்ஸு, எந்த எடம்னு மட்டும் ரெண்டு நாளைக்கு முன்னாடி சொல்லீரு கண்ணு. பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லோணும். நல்ல வெளிச்சமான எடமாப் பாத்துச் சொல்லு."

உஷாராணி மேடம் அவள் தோளில் கை வைத்தார். "இன்னும் ரெண்டே ரெண்டு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் பேருந்துகள் வரிசையாக நின்றன. ஏழாம் நம்பருக்குத் தரைத்தகடு ஒட்டுப்போட்டு, அதே பட்டறையிலிருந்து வேறொரு டயர் மாட்டியிருந்தார்கள். மாணவர்கள் நிரம்பி உட்கார்ந்து அவரவர் கைபேசியில் இருந்தார்கள். நர்மதா படியேறி நின்றாள்.

"எல்லாரும் எறங்குங்க."

அது அவளுக்கே கேட்கவில்லை. அப்புசாமி கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு ஆரனில் கையை வைத்து அழுத்தி, எடுக்காமல் வைத்திருந்தார். எல்லாத் தலையும் நிமிர்ந்தபிறகு எடுத்தார்.

"எறங்குங்க" என்றாள் நர்மதா மறுபடி.

"ஏங்க்கா?" என்றது ஒரு குரல்.

பிடிகளைப் பற்றிச் சொல்லலாமா, நாலைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தாள். ஆறு வருடத்து வாக்கியம் அது. கட்ட நேரமில்லை.

"டயர் சரியில்ல."

முணுமுணுத்துக்கொண்டு பைகளை எடுத்தார்கள். டியூசன் போச்சு, டவுன்பஸ்ஸுல நிக்கக்கூட எடம் இருக்காது என்றெல்லாம் சொன்னார்கள். ஆனால் இறங்கிவிட்டார்கள். அவளிடம் எண்ணையும் வண்ணத்தையும் மாற்றச் சொல்லாமல் ஒத்துக்கொண்ட முதல் அவை அதுதான்.

அப்புசாமி சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பேருந்தின் ஜன்னலைத் தட்டினார். "ஏப்பா, எஞ்சினை நிறுத்து" என்றார். "கம்ப்யூட்டரு சொல்லுது." அந்த ஓட்டுநரும் நிறுத்தினார். ஒன்பதாம் நம்பரும் நின்றது. வரிசை முழுவதும் ஒவ்வொன்றாக அடங்கியது.

நிறுவன வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் பிள்ளைகள் புழுதியில் நடந்தார்கள். நர்மதாவின் கைபேசி அடித்தது. உஷாராணி மேடம்.

"என்னம்மா பண்ணீட்ட? டீன் குதிக்கறார். பஸ்ஸே ஓடலைன்னா ரெண்டாவது எப்படி உரியும்? உன் பட்டத்துக்குத்தானே இத்தனையும்?"

"தெரியுமுங்க மேடம்."

"அப்புறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸு வந்துருச்சுங்க. வாரேனுங்க."

அரசுப் பேருந்து புகையோடு வந்து நின்றது. ஏற்கெனவே ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. நடத்துநர், உள்ள போங்க, உள்ள போங்க என்று கத்தினார். முதலில் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கடைசியாக நர்மதா படியில் ஒரு காலை வைத்தாள். பின்சக்கரம் அவள் கண்ணெதிரே ஒரு கை தூரத்தில்தான் இருந்தது. அதுவும் ரீபட்டனா என்று அவள் குனிந்து பார்க்கவில்லை.